‘லேடீஸ் மாடல்’ செய்யச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மின்கருவி செய்யும் நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷினுக்குப் ‘பெண்களுக்கான மாடல்’ ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பிங்க் நிறமும் பூவும் போடுவதற்குப் பதிலாக, எல்லோருக்கும் பொதுவாகச் சாம்பல் நிறத்தில் ஒரே மாடலாகச் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, மெஷினோடு வரும் ஆப்பில் பயனரின் பாலினத்தைக் கேட்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

நிறத்தைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனியாக ஒரு பொருள் செய்வதே தப்பா? ‘பெண்’ என்ற லேபிளைக் கிழித்துவிட்டால் அந்தப் பொருள் தானாகவே எல்லோருக்கும் உரியதாகிவிடுமா? இரண்டுக்கும் என் பதில் ‘இல்லை’தான். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

18 வருடமாகக் கைக்கருவிகளும் வீட்டு மின்சாதனங்களும் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். கைப்பிடி, பொத்தான், எடை, அதிர்வு, இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். உடை, காலணி, அழகுசாதனம் பக்கம் நான் வேலை செய்ததில்லை. அங்கே ஆண், பெண் என்பது வேறு கணக்கு. அதனால் கீழே சொல்வதை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சாம்பலில் இருந்தே தொடங்குவோம். சாம்பல், கறுப்பு, கரும்பச்சை எல்லாவற்றையும் நாம் ‘பொது’ என்று எண்ணிக்கொள்கிறோம். உங்கள் நிறுவனத்தின் இப்போதைய டிரில்லும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். பெட்டியில் ‘ஆண்களுக்கானது’ என்று எங்கேயும் அச்சடித்திருக்காது. ஆனால் அதன் கைப்பிடியின் சுற்றளவை யாருடைய கையை வைத்து முடிவு செய்தார்கள் என்று பழைய கோப்பைத் தோண்டிப் பாருங்கள். நான் பார்த்தவரை நடப்பது இதுதான்: குழுவில் இருக்கிற நாலு பேர் மாதிரியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள். நாலு பேரும் ஆண்கள், நாலு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சின்னக் கை ஒன்று அன்றைக்கு அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கார் விபத்துச் சோதனையைப் பார்க்கலாம். முன்பக்க மோதலுக்கு உலகமெங்கும் அதிகம் பயன்படும் ஹைப்ரிட் 3 என்ற சோதனைப் பொம்மை 1970களில் உருவானது. சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ, அதாவது சராசரி ஆண். பெண் பொம்மை என்று இத்தனை காலம் பயன்பட்டது சுமார் 150 செ.மீ., 49 கிலோ கொண்ட ஒன்று. அது மிகச் சிறிய உடல்வாகு கொண்ட பெண்ணின் அளவு. அதையும் பெண்ணின் உடலமைப்பைப் படித்துச் செய்யவில்லை, பெரும்பாலும் ஆண் பொம்மையைத்தான் சுருக்கியிருக்கிறார்கள். சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ., 62 கிலோவில், ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு ஒரு பொம்மையை உலகுக்குக் காட்டியது 2022இல்தான். அதுவும் பின்பக்க மோதலில் கழுத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு.

இதில் எது உறுதி, எது விவாதத்தில் இருப்பது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர்களுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு, அதேபோன்ற விபத்தில் சிக்கும் ஆண்களைவிட 47% அதிகம் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இந்த எண்ணை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 2021இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் வேறொரு கோணத்தில் பார்த்தது. பெண்கள் அதிகம் ஓட்டுவது சிறிய, எடை குறைந்த கார்கள். மோதலிலும் இடிவாங்கும் பக்கமாக இருப்பது பெரும்பாலும் அவைதான். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் இடைவெளியில் பெரும்பங்கு சுருங்கிவிடுகிறது என்றது. அப்படிக் கழித்த பிறகும் கால் காயங்களில் இடைவெளி நீடித்தது. ஆகவே ‘பொம்மை ஆணாக இருந்ததால்தான் இத்தனையும்’ என்று மேடையில் முழங்காதீர்கள். ‘அளந்து பார்க்காத உடலுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது’ என்று சொன்னால் அதை எவரும் மறுக்க முடியாது.

இதேபோல் இன்னும் நிறைய உண்டு. அலுவலகக் கட்டடங்களின் ஏசி வெப்பநிலைக்கு அடிப்படையான கணக்கு 1960களைச் சேர்ந்தது. அதில் உடல் வெளியிடும் வெப்பம் சுமார் 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆணுடையது. பெண்களுக்கு அந்தக் கணக்கு 35% வரை மிகையாக இருக்கலாம் என்று 2015இல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டுமே போவதாக இருந்த முதல் விண்வெளி நடையில் ஆளை மாற்ற வேண்டி வந்தது. மீடியம் அளவு மேலுடல் கவசம் இருவருக்கும் தேவைப்பட்டது, விண்வெளி நிலையத்தில் தயாராக இருந்ததோ ஒன்றே ஒன்று. அந்த உடையில் யாரும் பிங்க் பூசவில்லை, வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது.

சரி, இப்போது உங்கள் மேலாளர் கேட்கிற பக்கம். ‘சின்னதாக்கு, பிங்க் அடி’ என்று எங்கள் தொழிலில் கேலியாகச் சொல்வார்கள். அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1955இல் டாட்ஜ் நிறுவனம் ‘லா ஃபெம்’ என்று ஒரு கார் விட்டது. இளஞ்சிவப்பு உடல், அதற்குப் பொருத்தமான கைப்பை, லிப்ஸ்டிக் கூடு, மழைக்கோட்டு, குடை. இன்ஜினும் சேஸிஸும் வழக்கமானவைதான். இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். 2009இல் டெல் பெண்களுக்கென்று ‘டெல்லா’ என்ற இணையதளம் திறந்தது. மடிக்கணினியை வைத்துக் கலோரி கணக்குப் பார்க்கலாம் என்று யோசனை சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, சீக்கிரமே மூடியது. 2012இல் பிக் நிறுவனத்தின் ‘ஃபார் ஹெர்’ (பெண்களுக்காக) என்ற பேனாவுக்கு ஆன்லைனில் வந்த கிண்டல் விமர்சனங்களை நீங்களே படித்திருப்பீர்கள். இவற்றின் பொதுக் குறை நிறம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிங்க் நல்ல நிறம், எனக்குப் பிடிக்கும். பெண் என்ற வாடிக்கையாளரைப் பற்றி இவர்கள் ஒரு புது விஷயம்கூடக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே நினைத்துவைத்திருந்ததைப் பூசி விற்றார்கள். குறை அதுதான்.

பிங்க் என்று வந்ததால் ஒரு கிளைக்கதை. ‘நூறு வருடத்துக்கு முன்னால் பிங்க் ஆண்குழந்தைக்கும் நீலம் பெண்குழந்தைக்குமாக இருந்தது, பிறகு தலைகீழாகிவிட்டது’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 1918இல் அமெரிக்கக் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று அப்படிச் சொன்னது நிஜம். ஆனால் அந்தக் காலம் முழுக்க அதுவே வழக்கமாக இருந்ததா என்பது வேறு கேள்வி. அன்றைய நூல்களையும் இதழ்களையும் தேடிப் பார்த்த மார்கோ டெல் ஜூடிச்சே என்ற உளவியலாளர், தலைகீழாக மாறியதற்குப் போதிய சான்று இல்லை என்று 2012இல் வாதிட்டார். அன்றைக்கு வழக்கம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேறாகக் குழம்பிக் கிடந்தது, இன்றைய இறுக்கம் பின்னால் வந்தது என்கிற அளவுக்கு நம்பலாம். உங்கள் அலுவலகக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வேலை. நான் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ‘பெண்களுக்கு’ என்று யாராவது எழுதித் தந்தால், அந்தச் சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் எந்த அளவு வர வேண்டும் என்று கேட்பேன். ‘பெண்களுக்கு ஏற்ற டிரில்’ என்றால் என்ன? விரல் நீளம் குறைந்தவருக்கா? பிடிவலிமை குறைந்தவருக்கா? முதன்முறையாக டிரில் பிடிப்பவருக்கா? மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுப்பவருக்கா? இந்த நாலும் நாலு வேறு மெஷின்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண்கள் இருப்பார்கள், பெண்கள் இருப்பார்கள். விகிதம் மட்டும் மாறும். பாலினம் என்பது இந்த அளவுகளுக்குப் பதிலாக நாம் சோம்பலில் பிடித்துக்கொள்ளும் ஒரு குறுக்குவழி.

கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் உடல் அளவீடுகளில் ஆண், பெண் கை நீளத்தின் சராசரி வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதே சமயம் ஆண்களுக்குள்ளேயே மிகச் சிறிய கைக்கும் மிகப் பெரிய கைக்கும் உள்ள வித்தியாசம் அதைப்போலப் பல மடங்கு. எந்த நீளத்தில் எத்தனை பேர் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தால் கோயில் மணி வடிவில் இரண்டு வளைவுகள் வரும், அவை அருகருகே நின்று ஒன்றின் மேல் ஒன்று பாதி மறையும். ‘சராசரி’யை நம்பி வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1950 வாக்கில் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் விமான அறைக்குத் தேவையான 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் 4,063 பேரும் ஆண்கள், உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதற்குப் பிறகு நகர்த்தக்கூடிய இருக்கை, பெடல், பட்டை எல்லாம் வேண்டும் என்று விமானப்படை வலியுறுத்தியது என்பார்கள். பெண்களுக்காக யாரும் கொண்டுவராத மாற்றம் அது, ஆனால் பின்னாளில் பெண் விமானிகள் வந்து உட்கார்ந்தபோது அவர்களுக்கும் அது உதவியது.

என் மேசையில் நடந்ததையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு டிரில்லுக்கு மாதிரி சோதனை வைத்தோம். 14 பேர், ஆளுக்கு ஒரு பலகை, பத்துத் துளை. கைப்பிடியின் பின்பக்க வளைவில் இருந்து, அதாவது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரும் இடத்தில் இருந்து, விரலால் அழுத்தி மெஷினை ஓட்டும் ட்ரிக்கர் வரைக்கும் உள்ள தூரத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருடைய துளைகள் வரிசையாகக் கோணலாகப் போயின. பார்த்துக்கொண்டிருந்த ஒரு மேலாளர் தன் நோட்டில் ‘பெண்களுக்குப் பயிற்சி தேவை’ என்று எழுதினார், நானே பார்த்தேன். வீடியோவை மெதுவாக ஓட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. விரல் எட்டாதவர்கள் ட்ரிக்கரை விரல் நுனியால் அழுத்துகிறார்கள். நுனியால் அழுத்த வேண்டும் என்றால் உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பியாக வேண்டும். உள்ளங்கை திரும்பினால் மணிக்கட்டு வளையும், மோட்டாரின் அச்சு முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்காது, துளையிடும் பிட் வழுக்கிக்கொண்டு போகும். கோணல் துளை போட்ட ஐந்து பேரில் இரண்டு பேர் ஆண்கள். அந்த இரண்டு பேரையும் மேலாளர் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அவர்கள் அவர் எதிர்பார்த்த கதைக்குள் வரவில்லை.

இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெண்களுக்கு டிரில் பிடிக்க வராது என்ற எண்ணத்தை அந்த மெஷினே உற்பத்தி செய்துகொண்டிருந்தது. துளை கோணலானால் பழி மெஷின்மேல் விழாது, பிடித்தவர்மேல்தான் விழும். அடுத்த முறை அவரே ‘நீ போட்டுக் கொடு’ என்று வேறொருவரிடம் நீட்டிவிடுவார்.

தீர்வு சுலபமாக இருக்கவில்லை. ட்ரிக்கருக்குப் பின்னால் இருந்த சர்க்யூட் பலகையை மோட்டார் பக்கம் தள்ளி, ட்ரிக்கரை 7 மி.மீ. பின்னால் கொண்டுவந்தோம். கைப்பிடியின் முதுகில் கழற்றி மாட்டும் ரப்பர் தகடு ஒன்றை மூன்று தடிமனில் கொடுத்தோம். கைத்துப்பாக்கிகளில் இது பழைய சங்கதி, நாங்கள் அங்கிருந்துதான் எடுத்தோம். செலவுக் கணக்குப் பார்ப்பவரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். ஆனால் அதன் பிறகு ‘லேடீஸ் மாடல்’ பேச்சே எழவில்லை, எழுவதற்குக் காரணமும் இல்லை.

இதை வைத்து ‘பெண்களுக்கென்று தனியாக எதுவுமே கூடாது’ என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். சைக்கிளில் இரண்டு பக்கமும் தெரியும். ஜார்ஜினா டெர்ரி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1985இல் பெண்களுக்கான சைக்கிள் நிறுவனம் தொடங்கினார். அன்றைய சட்டகங்கள் உயரமான ஆண்களுக்காக அமைந்தவை, குள்ளமானவர்கள் கைப்பிடியை எட்டிப் பிடித்தே ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு அவர் நடுவில் திறப்பு வைத்த இருக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். பெண்களுக்காகச் செய்ததுதான், ஆனால் அந்த யோசனை ஆண்களின் இருக்கைக்கும் பரவிவிட்டது. இன்னொரு பக்கம், 2019இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் பெண்களுக்கான தனிச் சட்டக வடிவத்தைக் கைவிட்டது. 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்புக்கேற்ப சைக்கிளைப் பொருத்திக் கொடுத்த அளவுகள் அவர்களிடம் சேர்ந்திருந்தன. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்ததாம். சட்டகத்தை ஒன்றாக்கி, இருக்கை, கைப்பிடி அகலம் மாதிரி உடல் தொடும் இடங்களில் மட்டும் தேர்வு கொடுத்தார்கள். டெர்ரி செய்ததும் சரி, இவர்கள் செய்ததும் சரி. 1985இல் பெண்களை யாரும் அளக்கவே இல்லை, அதனால் ‘பெண்களுக்கு’ என்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருந்தது. அளந்து முடித்த பிறகு அந்தச் சொல்லுக்கு வேலை குறைந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. கை நீளத்தில் இரண்டு மணிகள் பாதி மறைகின்றன என்றேன். பிடிவலிமையில் அப்படி இல்லை. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அளவீடுகளில் 90% பெண்களின் பிடிவலிமை 95% ஆண்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. இது பெரிய இடைவெளி, ‘எல்லாம் மனசுதான்’ என்று கடந்துபோக முடியாது. அதனால் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கை முறுக்கி இறுக்குவது, பேட்டரியை இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்றுவது மாதிரி விரல் வலு கேட்கும் இடங்களில் குறைந்த வலு உள்ளவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிச் செய்தால் வலு உள்ளவருக்கு எதுவும் குறைந்துவிடாது. 1990இல் வந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் தோல் சீவி இதற்கு நல்ல சாட்சி. மூட்டுவாதத்தால் மனைவி பெட்சி பட்ட சிரமத்தைப் பார்த்து சாம் ஃபார்பர் தொடங்கிய வேலை அது. தடித்த, முட்டை வடிவ ரப்பர் கைப்பிடி, விரல் பதியும் இடத்தில் மெல்லிய ரப்பர் மடிப்புகள். கடையில் அதை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டுவாதம் கிடையாது, பிடித்துப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. உங்கள் டிரில்லில் நான் முதலில் போய்ப் பார்ப்பது பேட்டரி தாழ்ப்பாளைத்தான். எல்லாரும் ட்ரிக்கரைப் பற்றிப் பேசுவார்கள், தாழ்ப்பாளை யாரும் அளப்பதில்லை.

ஆண்களைப் பற்றியும் பேச வேண்டும். இந்தப் பேச்சு வந்தால் பெண்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆண்களுக்கும் இதில் இழப்பு உண்டு. குழந்தைக்கு உடை மாற்றும் பலகையைப் பெண்கள் கழிப்பறையில் மட்டும் வைத்தால் தகப்பன் எங்கே போவான்? அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பொதுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் அது இருக்க வேண்டும் என்று 2016இல் சட்டமே போட வேண்டியிருந்தது. 2021இல் பொம்மை செய்யும் லெகோ நிறுவனம், ஊடகங்களில் பாலினத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 7 நாடுகளில் ஏறக்குறைய 7,000 பெற்றோர்களையும் பிள்ளைகளையும் கேட்டது. ‘மற்ற பாலினத்தாரின்’ பொம்மையோடு விளையாடினால் கேலி செய்வார்கள் என்று பயந்தவர்கள் ஆண்பிள்ளைகளில் 71%, பெண்பிள்ளைகளில் 42%. கருத்துக்கணிப்பு என்பதால் தசமப் புள்ளி வரை நம்ப வேண்டாம், ஆனால் இடைவெளி எந்தப் பக்கம் என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. மேலே சொன்ன தகடுகளைச் சோதித்தபோது சின்னக் கைப்பிடி கச்சிதமாகப் பொருந்திய ஓர் ஆண், அதைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “இது லேடீஸ் மாடலா சார்?” இல்லை என்றதும் மறுபடி எடுத்துக்கொண்டார். நான் ஆமாம் என்றிருந்தால் அவர் மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பெரிய கைப்பிடியையே வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

ஆகவே, அளவு வேறுபாடு இருந்தால் அளவாலேயே பெயர் வையுங்கள். அறுவை சிகிச்சைக் கையுறை 6, 6½, 7, 7½ என்று எண்ணில்தான் வருகிறது. அதை எடுக்கும் டாக்டர் ஆணா பெண்ணா என்று கையுறைக்குத் தெரியாது. ஹெல்மெட்டைத் தலைச் சுற்றளவில் விற்கிறார்கள். டிரில் பிட்டையே மில்லிமீட்டரில் விற்கிற தொழில் நம்முடையது, கைப்பிடிக்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆப் விஷயம் சின்னது. பாலினத்தைக் கேட்டு வாங்கி ஆப் என்ன கணக்குப் போடப் போகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். அதிர்வுக்கோ முறுக்குவிசைக்கோ பரிந்துரை தரப்போகிறது என்றால் கை அளவையும் பழக்கத்தையும் நேராகக் கேளுங்கள். அதே நேரத்தில், கேட்காமல் இருப்பதும் மறந்துவிடுவதும் ஒன்றில்லை. 2014இல் ஆப்பிளின் ஹெல்த் ஆப் வந்தபோது செலினியம் வரைக்கும் பதிவு செய்ய இடம் இருந்தது, மாதவிடாயைப் பதிவு செய்ய இடமில்லை. அடுத்த வருடம்தான் சேர்த்தார்கள். அப்புறம், எதையும் தேர்ந்தெடுக்காதவருக்குத் தானாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி ஆங்கிலத்தில் தானாகவே பெண் குரலாக வருவதை 2021இல் நிறுத்திவிட்டு, எந்தக் குரல் வேண்டும் என்று முதலிலேயே கேட்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலோர் அமைப்புகளைத் திறந்தே பார்க்க மாட்டார்கள், அதனால் முதலில் வருவதுதான் உண்மையான வடிவமைப்பு.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் மேலாளர் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி: இப்படிச் செய்தால் விற்குமா? இங்கே என் உறுதி குறைந்துவிடுகிறது. 2012இல் பெண்பிள்ளைகளைக் குறிவைத்து வந்த லெகோ ஃப்ரெண்ட்ஸ் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது, கையெழுத்து இயக்கமெல்லாம் நடந்தது, ஆனாலும் எதிர்பார்த்ததைவிட நன்றாக விற்றது. முன்முடிவு சில சமயம் விற்கும், அதை மறைத்துப் பேசினால் நம் பேச்சுதான் எடுபடாமல் போகும். ‘பெண்கள் பொருளுக்கு விலை அதிகம்’ என்ற வாதமும் அப்படித்தான். 2015இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை ஏறக்குறைய 800 பொருள்களை ஒப்பிட்டு, பெண்களுக்கான வடிவம் சராசரியாக 7% அதிக விலை என்றது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வோ, சேர்மானங்கள் ஒன்றாக உள்ள பொருள்களை மட்டும் ஒப்பிட்டால் அப்படி ஒரே சீரான வித்தியாசம் தெரியவில்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முதலாவது கடை அலமாரியைப் பார்த்தது, இரண்டாவது பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்த்தது. ஆனால் உங்கள் கூட்டத்தில் விற்பனை ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரே அச்சில் இரண்டு மாடல் செய்வதற்கும், ஒரே மாடலில் மூன்று தகடு கொடுப்பதற்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சரக்கு வைப்பதில் மிச்சமாகும் என்ற வாதம், நியாயத்தைவிடச் சீக்கிரம் கையெழுத்து வாங்கித் தரும். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சோதனைக்கு ஆள் கூப்பிடும்போது ‘7 ஆண், 7 பெண்’ என்று கூப்பிடாதீர்கள். கை நீளத்தையும் பிடிவலிமையையும் முதலில் அளந்து, இரண்டு ஓரங்களில் இருந்தும் ஆள் எடுங்கள். ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தினால் நடுவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்திவிடும். இப்படி எடுத்தாலே பெண்கள் போதிய அளவில் வந்துவிடுவார்கள், ஆனால் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் செய்யுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். துளையை அளங்கள், மணிக்கட்டுக் கோணத்தை அளங்கள், எத்தனை முறை கையை மாற்றுகிறார்கள் என்று எண்ணுங்கள். நிறத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வேண்டுமானால் பிங்க்கும் ஒன்றாக இருக்கட்டும், மூன்று கைப்பிடி அளவிலும் கிடைக்கிற மாதிரி.

கையேட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எழுத்தில் நமக்குக் கஷ்டமில்லை, தமிழில் ‘அவர்’ இருக்கிறது. ‘பயன்படுத்துபவர் கண்ணாடி அணிய வேண்டும்’ என்று எழுதினால் ஆணுக்கும் ஆச்சு, பெண்ணுக்கும் ஆச்சு. படத்தில் ‘அவர்’ கிடையாது, யாரையாவது வரைந்தாக வேண்டும். எங்கள் கையேட்டின் முதல் வரைவில் டிரில் பிடித்திருந்த எல்லாப் படத்திலும் ஆண், 11ஆம் பக்கத்தில் கீழே விழுந்த தூளைக் கூட்டும் படத்தில் மட்டும் ஒரு பெண். வரைந்தவரைக் கேட்டால் அவருக்கே தெரியவில்லை, கை தானாகப் போட்டிருக்கிறது. கடைசியில் முகமே வேண்டாம், வெறும் கைகளை மட்டும் வரையலாம் என்று முடிவு செய்தோம். திரும்பி வந்த படத்தில் அத்தனை கைகளிலும் தடித்த மணிக்கட்டு, முன்கையில் பொடிப்பொடியாக ரோமம். மறுபடி அனுப்பினேன், இந்த முறை சோதனைக்கு வந்த 14 பேரின் கைகளைப் படம் எடுத்துக் கூடவே வைத்து.